அண்ணன் கட்டிய கருவாடு

அன்புள்ள இன்சொப்புக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னவளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. நான் இருக்கிறேன். இடது முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது, ஏறும்போது சும்மா இருக்கிறது. சின்னவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் வந்திருக்கிற படத்தைப் பார்த்தேன், உன் அப்பாவுக்கு இருந்த மாதிரி நடுவில் இடைவெளி. நீ அங்கே வெளிநாட்டில் பல் கட்டுகிற வேலையில் இருக்கிறாய் என்பதற்காக அதில் கை வைத்து அடைத்துவிடாதே, இருக்கட்டும். இங்கே மிளகாய் காயவைத்து அரைத்தாகிவிட்டது, உனக்கு ஒரு பை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மேட்டு நிலத்துக் கோஸில் மூன்றில் ஒரு பங்கு மழையில் அழுகிப் போனது, மிச்சத்தை வெட்டி அனுப்பியாயிற்று. போனில் சொல்லலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நம் சரக்கு வண்டி விஷயம்தான். ஜூன் மாதம் உரமூட்டை ஏற்றிக்கொண்டு சோல்ஜே கணவாய் ஏறும்போது முதல் தடவை சூடாயிற்று என்று உனக்குச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். பாதி மேட்டில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம்கட்டி நிறுத்தி, உன் அப்பா சொல்லிக்கொடுத்தபடி மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறின பிறகு பார்த்தால் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. மறுநாள் தால்சு சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அவரைத் தவிர அந்த வண்டியில் யார் கை வைத்திருக்கிறார்கள், நீ ஹைஸ்கூல் படிக்கும்போது வாங்கிய நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக உன் அப்பாவின் தம்பிதான் அதற்கு எல்லாம். அவர் ஆயில் ஸ்டிக்கை உருவி என் மூக்குக்கு நேரே காட்டினார். தண்ணீர் கலந்து பால் காப்பி மாதிரி ஆகவில்லை, கருப்பாகத்தான் இருக்கிறது, அதனால் இன்ஜின் ஹெட்டில் கோளாறு இல்லை என்றார். புகையில் வெள்ளை இல்லை என்றார். சமதரையில் எண்பதில் போனால் முள் நடுவில் நிற்கிறது, பாரத்தோடு மேடு ஏறினால்தான் ஏறுகிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார், பத்து நாள் கழித்து வாட்டர் பம்பையும் மாற்றினார். இரண்டு தடவையும் கணவாயில் பாதி வழியில் முள் பழையபடி சிவப்புக்குப் போயிற்று.

மூன்றாம் தடவை அவர் ஒரு வேலை செய்தார். இன்ஜினை ஓடவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வண்டியின் முன் கிரில்மேல் வைத்துக் கையை எடுத்தார். தாள் கீழே விழுந்தது. திரும்பவும் வைத்தார், திரும்பவும் விழுந்தது. உள்ளே ஃபேன் அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம், அதாவது காற்று உள்ளே போகவே இல்லை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை, ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு கிரில்லைக் கழற்றினார். கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமல், "அண்ணி, அண்ணன் கட்டினது இங்கதான் இருக்கு. நூல் அறுந்து கீழ இறங்கியிருக்கு. எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

எது என்று உனக்குத் தெரியும். வண்டி வாங்கிய அன்று பன்றித்தலை வைத்துப் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அரிசிக்கள் ஊற்றி, முழு மியோங்தே மீன் கருவாடு ஒன்றை விபத்து வராமல் இருக்க வெள்ளை நூலால் சுற்றி உன் அப்பா தன் கையால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பியில் கட்டினார். நீகூடப் பக்கத்தில் நின்று சிரித்தாய். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் கை பட்டுக் கட்டினபடி இன்னும் கலையாமல் இருப்பது எனக்கு அது ஒன்றுதான், அவர் சட்டைகளைக்கூட உன் அக்கா மூட்டை கட்டி எடுத்துப்போய்விட்டாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அதுல கை வெச்சா அப்புறம் என் வாசல்ல கால் வைக்காதீங்க. பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம இந்த வண்டி ஓடுதுன்னா அது எதனாலன்னு நினைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கிரில்லைத் திரும்ப மாட்டினார். இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை. அண்ணன் கட்டியதை எடுக்க வேண்டாம் என்று அண்ணி சொன்ன பிறகு அவர் தொடுவாரா, அவர்களை வளர்த்த வளர்ப்பு அப்படி. ஏர் அடித்தால் அது தூளாகிப் பறந்துவிடும் என்று அந்த இடத்தைச் சுத்தம் செய்யாமலே விட்டார்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய். பல் கட்டுகிற கையால் நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, சித்தப்பாவுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றாய். ஆயில் கருப்பாக இருக்கிறது என்று நான் சொன்னதை நீ காதில் வாங்கவே இல்லை. மேடு ஏறும்போது ஹீட்டரை முழுசாக வை, சூடு உள்ளே இறங்கிவிடும் என்றாய். அது வேலை செய்தது, பொய் சொல்ல மாட்டேன், ஆகஸ்டு வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை வைத்துக்கொண்டு அவிந்துபோய் மேலே போய்ச் சேர்ந்தேன். இறக்கத்தில் நியூட்ரலில் விடு, இன்ஜினுக்கு ஓய்வு கிடைக்கும் என்றாய். அதையும் செய்தேன். கடைசியாக இதைச் சொன்னாய். "போன புத்தாண்டுக்கு வீடியோவுல பார்த்தேன்மா, சித்தப்பாவுக்குக் கை நடுங்குது. கள்ளுக் கோப்பையைக்கூட ஒழுங்காப் பிடிக்க முடியல. மறுபடி குடிக்கிறார். குடிக்கிறவன் கையில வண்டியைக் குடுக்காதீங்க."

நான் அதை மனசில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதோடு நின்றிருக்கலாம். கோடை உச்ச நாளன்று ஊர்க் கூடத்தில் எல்லோருக்கும் கோழிச் சூப் போட்டார்கள், வழக்கம்போல. நான் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து மேலேறி வேர்த்துப்போய் வந்தேன். பின்வீட்டுக்காரி, என்ன இன்சொப் அம்மா, கொழுந்தன் மெக்கானிக்காக இருந்தும் நடந்து வருகிறீர்களே என்று கிண்டல் பண்ணினாள். எதிர் வரிசையில் உன் சித்தப்பா கிண்ணத்தைப் பிடித்திருந்தார், சூப் அலம்பி மேஜையில் சிந்தியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "குடிச்சிட்டுக் கை வெச்சா வண்டி எப்படி ஓடும்?" என்றேன். நாற்பது பேர் இருந்தார்கள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மேஜையில் சிந்தியதைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கூடம் முழுக்கச் சூப் உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது. அப்போதுகூட எனக்கு நான் சரியானதைச் சொன்ன திமிர்தான் இருந்தது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதற்கப்புறம் பிரேக் கத்த ஆரம்பித்தது. முதலில் காலையில் பனி ஈரத்தோடு எடுக்கும்போது இரண்டு தெரு போகும்வரை கிறீச்சென்றது, பிறகு அடங்கிவிடும். அது வெறும் துரு, ஓடினால் போய்விடும் என்று அப்பா சொல்வார். அடுத்த வாரம் நாள் முழுக்கக் கத்தியது. கோஸ் வெட்டுகிற பெண்கள், இன்சொப் அம்மா வருவது மலைக்கு அந்தப் பக்கமே கேட்கிறது என்று சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் கத்துவது நின்று, தகரத்தைத் தரையில் இழுப்பது போல உராய ஆரம்பித்தது. சத்தம் சின்னதானதும் நான் நிம்மதியானேன், பார் என் புத்தியை. சித்தப்பாவிடம் போக முடியாதே, அதனால் டவுனில் ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே சீருடை போட்ட ஒருத்தர் கிரில்லைக் கழற்றிப் பார்த்தார். நூலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, ஐயோ பூஜை வைத்ததா என்று கேட்டு, வண்டிக்கு முன்னால் தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துவிட்டு அப்படியே மூடிவிட்டார். அப்புறம் இன்ஜினைப் பிரிக்கணும், பழைய வண்டி, இதற்குப் போய்ச் செலவு செய்யாதீர்கள், பிரேக்கையும் சேர்த்து அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். ஆக, அந்தக் கருவாட்டை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். நீ பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாய்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு முழு லோடு கோஸ் ஏற்றிக்கொண்டு கணவாயில் இறங்கினேன். மேலே ஏறும்போதே முள் சிவப்பில் இருந்தது, அதனால் இறக்கம் முழுக்க நியூட்ரல். மூன்றாவது வளைவில் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. நாலாவதில் பெடல் மெத்தையை மிதிப்பது மாதிரி உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பின்சக்கரம் ஊளையிட்டதே ஒழியப் பிடிக்கவில்லை. கீழே ஸ்கூல் பஸ் திரும்புகிற இடம் இருக்கிறதே, அது தெரிந்தது. பஸ் இல்லை. ஆனால் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பாரம் ஏற்றிய வண்டிகளுக்காக மலை ஓரமாக ஏற்றிப் போட்டிருக்கிற சரளைப் பாதைக்குள் திருப்பிவிட்டேன். சரளை அச்சுவரை விழுங்கி வண்டியை நிறுத்தியது. கோஸ் எல்லாம் முன்னால் பறந்து ரோட்டில் உருண்டது. எனக்குத் தோள் எலும்பில் பெல்ட் அழுத்திய காயம் மட்டும்தான், இப்போது மஞ்சளாகிவிட்டது, அதற்காகப் பதறி டிக்கெட் போடாதே.

இந்த மலையில் இழுவை வண்டி வைத்திருப்பது யார் என்று உனக்குத் தெரியும். யாரோ போன் செய்ய, அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் கை கால்களைப் பார்த்தார், அப்புறம் சக்கரத்தைப் பார்த்தார். கூப்பிடவில்லை, எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்து முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடில் துணுக்குக்கூட மிச்சமில்லை, பின்னால் இருக்கிற இரும்பே தேய்ந்திருந்தது. டிஸ்க் நீலம் பாரித்து வரி வரியாகக் கீறிக் கிடந்தது. "இறக்கத்துல கியர்ல வந்தீங்களா, நியூட்ரலா?" என்று கேட்டார். நியூட்ரல் என்றேன். "யார் சொன்னது?" என்றார். நான் உன் பேரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய மொத்தப் பாரத்தையும் பிரேக் ஒன்றே சுமந்திருக்கிறது, இதுகூடத் தெரியாமல் ஒருத்தன் பெற்ற தாய்க்குச் சொல்வானா என்று அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

நானாகவே, முன்னால் இருப்பதை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கிரில்லைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்களே எடுங்க. அது நான் தொடற பொருள் இல்ல" என்றார். நான் முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டேன். கருவாடு என்று ஒன்றும் வரவில்லை இன்சொப். நூலும் மீன் முள்ளும் கோஸ் சருகும் பாப்ளர் மரத்துப் பஞ்சும் சேறும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு பலகையாக வந்தது, என் இரண்டு கை அகலம். ரேடியேட்டர் முகத்தில் பாதிக்கு மேல் அதுதான் மூடியிருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் கெடவில்லை. அவர் தண்ணீர் அடித்துக் கழுவி, தாளை வைத்தார், தாள் பசை தடவினது போல ஒட்டிக்கொண்டது. அவர் ஜூன் மாதமே அதை எடுக்கக் கேட்டார். நான் விட்டிருந்தால் ஹீட்டரும் இல்லை, நியூட்ரலும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஊர்க் கூடமும் இல்லை. உன் வாயை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. நீ சொன்னாய், நான் நம்பினேன், நம்பியதை ஊருக்கு முன்னால் கொட்டினேன்.

நாலு நாள் கழித்து வண்டி தயார் என்று சொல்லி அனுப்பினார், போனேன். அவர் சாவியை இரண்டு கையாலும் நீட்டினார், சாவி நடுக்கத்தில் கிலுகிலுவென்றது. "எடுத்துக்குங்க மேடம். ஒரு இருநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க, புது பேட் படியட்டும்" என்றார். மேடம் என்றார். வெளியூரிலிருந்து வழியில் பஞ்சர் ஆகி வருகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோது அவருக்குப் பதினோரு வயது, நாற்பத்திரண்டு வருஷமாக அண்ணி என்ற வார்த்தையைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து எனக்கு வந்ததில்லை. நான் அங்கேயே எண்ணெய்த் தரையில் குனிந்து மன்னிப்புக் கேட்டேன், நான் சொன்னது பாவம் என்று சொன்னேன். "பரவாயில்லைங்க மேடம்" என்றார். உன் சித்தி பின்னாலேயே வாசல்வரை வந்தாள். அவள்தான் சொன்னாள். அண்ணன் இறந்த நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லையாம். கை நடுக்கம் பார்க்கின்சனாம், போன வசந்தத்திலேயே வொன்ஜு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அண்ணிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று சொல்ல வேண்டாம் என்றாராம். இதை எழுதும்போது எனக்கு என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

வண்டி இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது, கணவாயில் முள் நடுவிலிருந்து அசைவதில்லை, இனி அதைப் பற்றி விசாரிக்காதே. போன வாரம் அப்பா சமாதியில் புல் வெட்டப் போனேன், ஏற்கெனவே வெட்டி, சுற்றிக் கல்லெல்லாம் துடைத்து வைத்திருந்தது. அண்ணனுக்கு அவர் இன்னும் தம்பிதான், எனக்குத்தான் ஒன்றுமில்லாமல் போனார். பழைய சந்திரக் கணக்குப்படி ஒன்பதாம் மாதம் ஆறாம் நாள் அப்பாவின் நினைவு நாள். நாலு வருஷமாக இந்த நாளிலும் புத்தாண்டிலும் படையலுக்கு முதல் கள்ளுக் கோப்பையை அவர்தான் ஊற்றினார், ஒவ்வொரு தடவையும் மூத்த மகன் இன்சொப்புக்குப் பதிலாக ஊற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஊற்றினார். நீ அன்று வீடியோவில் பார்த்த கைநடுக்கமும் உனக்காக ஊற்றியபோது வந்ததுதான். இந்த வருஷத்துக்கு அழைத்தேன். மகன் இருக்கிறானே, அவனை ஊற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டாயிற்று, அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். நீ சொன்னது பாக்கி இருக்கிறது. நீயே போன் செய்து சொல். அம்மா சொல்லச் சொன்னாள் என்று ஆரம்பிக்காதே. வியாதியைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அதற்கும் வீடியோ பார்த்துவிட்டு வைத்தியம் சொல்லாதே. நான் தெரியாமல் பேசிவிட்டேன் சித்தப்பா என்று சொன்னால் போதும், அதற்குமேல் நீளமாகப் பேசினால் நீ கெடுத்துவிடுவாய்.

மருமகளுக்கும் சின்னவளுக்கும் என் ஆசீர்வாதம். உடம்பு நன்றாக இருக்கட்டும், கைக்கு எட்டிய வேலை நிலைக்கட்டும், பெற்ற மகளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டிய நிலை உனக்கு வராமல் இருக்கட்டும். மிளகாய்த்தூளைத் தபாலில் போடுகிறேன், வந்ததும் ஃபிரீசரில் வை. அவர் காலை ஏழு மணிக்கு ஒர்க்‌ஷாப் திறப்பார், உன் ஊரில் அது முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி. நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், உன்னிடம் இருக்காது. எடுத்ததும் யார் பேசுவது என்று கேட்பார், கோபித்துக்கொள்ளாதே, இந்த நாலு வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அவருக்குப் போன் செய்ததில்லை, உன் குரல் அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு
உன் அம்மா
சோ பில்யே